விலை இருக்கிறது

கொட்டிவாக்கம் குப்பத்து மீன்காரக் கிழவி காலையில் 200 ரூபாய் என்பாள். வெயில் ஏறினால், "நூறு குடுத்துட்டு எடுத்துக்கினு போ சாமி" என்பாள். மீன் அழுகும் சரக்கு. பங்குப் பத்திரம் அழுகாது என்று எண்ணியிருந்தேன்.

1998-இல் பெண் கல்யாணத்துக்காக ஒரு சின்னக் கம்பெனியின் 500 பங்குகளை விற்கப் போனேன். பத்திரிகையில் 42 ரூபாய் என்று போட்டிருந்தது. தரகர் சிரித்தார். "விலை இருக்கு, ஸார். வாங்கத்தான் ஆள் இல்லை. அது நாலு மாசத்துக்கு முந்தி நடந்த வியாபாரம்." கல்யாணம் கடனில் நடந்தது.

இந்த வியாதியை அளக்க 2002-இல் யாகோவ் அமிஹுத் என்ற பேராசிரியர் ஒரு வழி சொன்னார். தினமும் விலை அசைந்த சதவிகிதத்தை, அன்று கைமாறிய பணத்தால் வகுத்துச் சராசரி பார்க்க வேண்டும். சொற்பப் பணத்துக்கே விலை துள்ளினால், அவசரத்துக்கு உதவாத பங்கு. நியூயார்க் சந்தையின் முப்பது வருஷத்துக்கு மேலான கணக்கைப் புரட்டியவர், அத்தகைய பங்கை வாங்குகிறவர்கள் அந்தத் தொல்லைக்குக் கூலியாக அதிக லாபம் எதிர்பார்க்கிறார்கள் என்றும் கண்டார். எனக்குக் கூலி கேட்கத் தெரியவில்லை.

வியாபாரமெல்லாம் பம்பாய்க்குப் போய்விட, சென்னைப் பங்குச் சந்தையே 2015-இல் கடையைக் கட்டியது. பத்திரங்கள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. எடுத்து வெயிலில் போடச் சொல்கிறாள் மனைவி, பூச்சி அரிக்கிறதாம்.