மறுபடி படிக்கப் போறதுக்கு முந்தி

ஆணி புடுங்க ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆச்சு மக்களே. வயசு 29. இந்த வயசுல "வேலையை விட்டுட்டு படிக்கப் போறேன்"னு திருவாடானையில போய்ச் சொன்னா, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இருந்து நம்ம தெருமுனை வரைக்கும் பய புள்ளைக்கு வேலை போயிருச்சு போலன்னு முடிவே கட்டிருவாங்க. அப்பா அப்படியெல்லாம் பேசலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "சரி, படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போவ?"

நியாயமான கேள்வி. ஆனா நம்மாளுங்க பெரும்பாலும் இதைக் கடைசியிலதான் கேட்டுக்குறாங்க. முதல்ல ராஜினாமா, அப்புறம் அட்மிஷன், அப்புறம் கடன், எல்லாம் முடிஞ்ச பிறகு "இனி என்ன செய்யலாம்". என் கூட வேலை பாத்த நண்பன் ஒருத்தன் இருபது லட்சத்துக்கு மேல கடன் வாங்கி எம்.பி.ஏ. படிச்சான். இப்பவும் பழையபடி எக்செல் ஷீட்டோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான். சம்பளம் கூட, அதுக்கேத்த மாதிரி தவணையும் கூட. அவனுக்கு அது பிடிச்சிருக்கு, அதனால குறை சொல்ல ஒண்ணுமில்லை. எனக்குப் பிடிக்குமான்னுதான் சந்தேகம்.

என் நிலவரம் வேற. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன்ல இன்னும் 14 மாசத் தவணை பாக்கி. எம்.டெக். சேர்ந்தா அரசு தர்ற உதவித்தொகை மாசம் 12,400 ரூபாய். என் தவணையே அதைவிடக் கூட. அதனால ஒரு முடிவுக்கு வந்தேன்: படிப்பைத் தேர்ந்தெடுக்குறதுக்கு முந்தி அந்த வேலையை ஒரு வாய் ருசி பாத்துரணும். லீவு போட்டு ஊருக்கு வந்தப்பல்லாம் இதே வேலையா அலைஞ்சேன்.

முதல்ல சட்டம். ராமநாதபுரத்துலயே 2017ல அரசு சட்டக் கல்லூரி வந்துருச்சு. டிகிரி முடிச்சவங்களுக்கு மூணு வருஷம். தெரிஞ்ச வக்கீல் அண்ணன் கூட ஒருநாள் பூரா கோர்ட்டுல உக்காந்தேன். வரப்புத் தகராறு, வாய்தா, பாகப்பிரிவினை, வாய்தா, மறுபடி வரப்புத் தகராறு. அண்ணனுக்கு இருக்குற பொறுமை எனக்குக் கிடையாது. சாயங்காலமே அந்த ஆசை அடங்கிருச்சு. ஐ.ஏ.எஸ். பத்தி மாமா ஒருத்தர் விடாம சொல்றார். பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயசு வரைக்கும் ஒன்பது தடவை எழுதலாமாம். அந்த ஒன்பது தடவைங்கிறதுதான் என்னைப் பயமுறுத்துது.

கொஞ்சநாள் மனசு கடல் பக்கம் போச்சு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1971 வரைக்கும் நம்ம மண்டபம்தான் தலைமையிடம். அதுக்கப்புறம்தான் கொச்சிக்குப் போச்சு. 2010ல கடல் விரால் மீனைச் செயற்கை முறையில குஞ்சு பொரிக்க வச்சதும் மண்டபம் மையத்துலதான். நம்ம கடற்கரையில இப்படி ஒரு வேலை நடந்துருக்கு, நமக்குத் தெரியலையேன்னு இருந்துச்சு. ஆனா மீன்வளத்துல முதுகலை சேரணும்னா இளங்கலையும் மீன்வளமா இருக்கணும். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரனுக்கு அந்தக் கதவு சாத்தியாச்சு.

மிச்சம் இருந்தது கம்மாய். எங்க ஊருக்குத் தெற்கே ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் இருக்கு. "நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைக் கண்மாய்"னு சொல்லுவாங்க. அம்புட்டு நீளம், நாரையே ஒரே மூச்சுல பறந்து கடக்காதாம். இந்தக் கம்மாயில இப்ப எவ்வளவு தண்ணி இருக்குன்னு சென்னையில உக்காந்துக்கிட்டே கண்டுபிடிக்க முடியுமான்னு பாத்தேன்.

இதுக்குக் காசு எதுவும் வேண்டாம். ஐரோப்பாக்காரங்களோட சென்டினல்-2 செயற்கைக்கோள் 2015ல இருந்து படம் எடுக்குது. படத்துல ஒரு புள்ளி பத்து மீட்டர். யார் வேணாலும் இறக்கிக்கலாம். தண்ணி அகச்சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட மொத்தமா முழுங்கிரும், பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இந்த ரெண்டையும் ஒப்பிட்டா தண்ணி எது, தரை எதுன்னு பிரிச்சிரலாம். நாப்பது வரி பைத்தான், ரெண்டு ராத்திரி. கம்மாய் நீலமா திரையில வந்து நின்னப்ப, ஏழு வருஷ ஆபீஸ் வேலையில வராத ஒரு சந்தோஷம் வந்துச்சு. சும்மா சொல்லலை :)

ஆனா ஒரு பக்கம் பூரா தண்ணியே இல்லைன்னு காட்டுச்சு. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சித்தப்பா, தெக்கு ஓரத்துல தண்ணி இருக்கா?"

"என்னப்பு இப்படிக் கேக்குற, முழங்காலுக்கு மேல கிடக்கு. கருவை அடைச்சிருக்குல்ல, அதான் உனக்குத் தெரிஞ்சிருக்காது."

சீமைக்கருவேலம்! மேல இருந்து பாக்குற செயற்கைக்கோளுக்கு இலைதான் தெரியும், அடியில கிடக்குற தண்ணி தெரியாது. அதோட, நமக்கு மழையே ஐப்பசி கார்த்திகையிலதான். தண்ணி வந்து சேர்ற நேரத்துல படம் பூராவும் வெள்ளை மேகம். மேகத்தைத் தாண்டிப் பாக்க ரேடார் படம் இருக்கு, சென்டினல்-1. ஆனா அதைப் புரிஞ்சுக்க எனக்குத் தெரிஞ்ச கணக்கும் இயற்பியலும் பத்தாது. எதுக்காகக் காலேஜுக்குப் போகணும்னு அன்னைக்குத்தான் பிடிபட்டுச்சு.

அப்பாவோட கேள்விக்குப் பதிலும் இங்கதான் கிடைச்சுது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016ல வந்தது. ஊருக்கு ஊர் பயிரை அறுத்துப் பாத்து விளைச்சலைக் கணக்கெடுப்பாங்க. 2023 காரிஃப்ல இருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் அந்தக் கணக்குல குறைஞ்சது 30 சதவீதம் செயற்கைக்கோள் மாதிரியான தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குடுக்கணும்னு விதி கொண்டுவந்தாங்க. மானாவாரி நெல்லை நம்பி இருக்குற எங்க தாலுகாவுல இது சின்ன விஷயம் இல்லை. சித்தப்பாகிட்ட சொன்னேன்.

"அப்ப மேல இருந்து பாத்துத்தான் வெளைஞ்சுச்சா, சாவியாப் போச்சான்னு சொல்லுவாகளா? நல்லாப் பாக்கச் சொல்லுப்பு."

அந்த வேலையை யாரோ பாக்கத்தான் போறாங்க. கருவையைப் பத்தித் தெரிஞ்சவன் ஒருத்தனும் அதுல இருக்கட்டுமேன்னு தோணுச்சு.

நம்ம பக்கம் படிப்புன்னு பேச்செடுத்தாலே கலாம் பேரைச் சொல்லிருவாங்க. அவரும் திருச்சியில இயற்பியல் முடிச்ச பிறகுதான் விமானப் பொறியியல் படிக்க சென்னை எம்.ஐ.டி.க்குப் போனார். எனக்கு அதுல மறக்காதது, சேர்றதுக்கான பணத்துக்காக அவரோட அக்கா நகையை அடகு வச்சதுதான். என் தங்கச்சி நகைக்கு அந்த நிலைமை வரக் கூடாது.

அதனால திட்டம் இதுதான். வேலையில இருந்துக்கிட்டே கேட் எழுதுறது. 2022ல இருந்து ஜியோமேட்டிக்ஸ்னு தனித்தாள் இருக்கு. மதிப்பெண் மூணு வருஷத்துக்குச் செல்லும்; கடனை முடிச்சுட்டுச் சேர நேரம் இருக்கு. எந்தக் கல்லூரி எந்தத் தாளை ஏத்துக்கும்ங்கிறது இடத்துக்கு இடம் மாறுது, அதை உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு இருக்கேன். கேட் பிப்ரவரியில. எங்க ஊர்ல அறுப்பும் கிட்டத்தட்ட அப்பத்தான். இந்தத் தடவை அறுப்புக்கு வர முடியாதுன்னு சித்தப்பாகிட்ட இன்னும் சொல்லலை.

ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் படிச்சவங்க, இல்லை ரேடார் படத்தோட மல்லுக்கட்டினவங்க யாராவது இருந்தா எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்க. தமிழ்ல இருந்தா ரொம்ப நல்லது.