இரண்டு கையிலும் ரோஜா

பெருநாள் சட்டையை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடும் வாப்பாவுக்கு, அத்தர் வாங்க மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க வேண்டும். நாகூர் தர்கா அலங்கார வாசல் பக்கம், ஒரே ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்கு ஒரு கடை. குப்பிகளின் கண்ணாடி மூடிகளெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும்.

"குலாபுல ரெண்டு இருக்கு நானா" என்றபடி, கடைக்காரர் கண்ணாடிக் குச்சியால் என் வலது புறங்கையில் ஒன்றையும் இடது புறங்கையில் மற்றதையும் தடவினார். தேய்க்கப் போனேன். "தேய்க்காதே தம்பி, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

மாற்றி மாற்றி முகர்ந்தேன். இரண்டுமே பன்னீர் ரோஜாதான். ஒன்றின் விலை மற்றதைப்போலப் பல மடங்கு என்பதுதான் புரியவில்லை. "டீ குடிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார். வாங்க வந்தவனைத் திருப்பியனுப்பும் வியாபாரியை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

திரும்புவதற்குள் வலது கை மாறிவிட்டது. ரோஜா பின்வாங்கி, அடியிலிருந்து சந்தனம் ஏறியிருந்தது. இடது கையில் வைத்தது வைத்தபடியே, கூச்சலாக, ரோஜா. எனக்கு இடதுதான் பிடித்தது. வாப்பா என் வலது கையை விடவே இல்லை.

"அது கன்னோஜ் சரக்கு. இது கெமிக்கல்" என்றார் கடைக்காரர், ஒளிக்காமல். கன்னோஜில் செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியைச் சுற்றி மண் பூசி அடைத்து, அடியில் விறகெரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே இறங்கி, தண்ணீருக்குள் குளிர்கிற குடத்தில் இருக்கும் சந்தனத் தைலத்தோடு சேரும். சந்தனம் ஏறியதன் ரகசியம் அதுதான். சந்தனம் இன்று விற்கும் விலையில், குடத்தில் பாரஃபின் ஊற்றுகிறவர்களும் உண்டு. சந்தனம் இல்லாத சுத்த ரோஜாத் தைலம் வேண்டுமென்றால் இன்னும் மோசம். ஒரு கிலோவுக்கு மூன்று, நான்கு டன் பூ போகும்.

வாப்பா தனக்கு வலது கை அத்தரில் கால் தோலா வாங்கினார். எனக்கு இடது கை அத்தரில் ஆகச் சின்னக் குப்பி.

பெருநாள் காலையில் பஞ்சில் தொட்டுக் காது மடலில் செருகிக்கொண்டு தொழப் போனேன். தொழுகை முடிந்து கட்டித் தழுவிய மாமா மூக்கைச் சுளித்தார். "என்னடா, ரோஸ் மில்க்ல குளிச்சிட்டு வந்தியா?"

பஞ்சை நான் எடுக்கவில்லை.