புயலை அளக்கப் போனவர்

துணிச்சலில் இருவகை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பாய்வது ஒன்று. இழப்பையும் பயனையும் எடைபோட்டு, திரும்பும் வழியையும் பார்த்துக்கொண்டு இறங்குவது மற்றொன்று.

தோட்டத்து மக்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. வானம் கறுத்தால், மங்கில் சேர்ந்த பால் மழையில் வீணாகிவிடுமே என்று வாளியோடு நிரை நிரையாக ஓடியவர் என் தாயார். மின்னலையும் முறிந்து விழும் கிளையையும் அறியாதவரா அவர்? அன்றைய சம்பளம் மங்கில் அல்லவா இருந்தது!

என் மூத்த மகள் படிவம் ஆறில் படிக்கிறாள். புயல் ஆராய்ச்சிதான் படிப்பேன் என்கிறாள். "உயிரோடு விளையாடும் படிப்பு நமக்கெதற்கு?" என்று தடுக்கிறார் அதே பாட்டி!

இந்த வழக்கைத் தீர்க்கத்தான் அமெரிக்கரான டிம் சமராஸின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். சுழற்காற்று தரையை ஒட்டி என்ன செய்கிறது என்பதைத் தொலைவிலுள்ள ரேடாரால் சரிவரக் காண முடியாது. வீடுகளைப் பெயர்ப்பதோ அந்தக் காற்றுத்தான். ஆகவே, தட்டையான கூம்பு போன்ற கருவியை அதன் பாதையில் வைத்துவிட்டு விலகிவிடுவார் அவர். 2003 ஜூன் 24-இல் தெற்கு டக்கோட்டாவின் மான்செஸ்டர் சிற்றூர் அருகே அவர் வைத்த கருவி, காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்தது.

நிதானமானவர் என்று பெயரெடுத்த அவர், 2013 மே 31-இல் ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே, மகன் பால், ஆய்வாளர் கார்ல் யங் இருவரோடும் மாண்டார். அன்றைய சுழற்காற்று திடீரெனத் திசை மாறி, 4 கிலோமீட்டருக்கும் மேல் அகன்றது. விலகிச் செல்ல நேரம் கிடைக்கவில்லை. நிதானம் ஆபத்தைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்கிவிடாது.

அதற்காக ஆராய்ச்சியே வேண்டாம் என்பதா? 2001 டிசம்பர் 27-இல் வாமே புயல் நம் ஜொகூரிலேயே கரையேறியது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்ற எண்ணம் அன்று உடைந்தது. புயலை அறிந்தவர்கள் நமக்கும் தேவைதான். அவர்களுள் பெரும்பாலோர் ரேடாரையும் கணினியையும் கொண்டே ஆராய்கிறார்கள்.

மகளுக்கு மூன்று கேள்விகளைக் கொடுத்தேன். இதன் பயன் யாருக்கு? எட்ட நின்றே அதைப் பெற முடியாதா? நினைத்தது பிசகினால் திரும்ப வழி உண்டா?

"படி அம்மா. ஆனால் மூன்றுக்கும் விடை தெரியாத இடத்தில் கால் வைக்காதே" என்றேன். விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பமும் இட்டுவிட்டேன்.