மாண்டிசோரி பயிற்சிக்குப் போகலாமா, டீச்சர்?

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது அவளே ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். "டீச்சர், ஆன்லைன்ல மாண்டிசோரி ட்ரெய்னிங்னு வந்திருக்கு. பதினைஞ்சு நாள். சர்டிபிகேட் தருவாங்க. எங்க கரஸ்பாண்டென்ட் எல்லாரையும் சேரச் சொல்றார். பணம் நாங்கதான் கட்டணும். சேரலாமா?" என்றாள். கட்டணத்தைக் கேட்டேன். அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். "ரெண்டு நாள் குடும்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இங்கே என் நட்பில் இருப்பவர்களில் நர்சரியிலும் அங்கன்வாடியிலும் வேலை பார்ப்பவர்கள் பலர் என்பதால், பதிலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர் விஷயம். கோட்டுச்சேரியிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். "நர்சரி & பிரைமரி" என்று எழுதும் பலகையில் இடம் மிச்சமிருந்தால் "மாண்டிசோரி" என்றும் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பெயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பள்ளிக்கு இது பொருந்துகிற மாதிரியே பயிற்சிக்கும் பொருந்தும்.

மரியா மாண்டிசோரி இத்தாலிக்காரர். படிப்பால் டாக்டர். 1907 ஜனவரியில் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில்தான் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். இன்று ஏ.சி. அறையும் வேனும் உள்ள பள்ளிக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது வேறு கதை.

அந்த அம்மையார் நம் பக்கம் வந்தது பலருக்குத் தெரியாது. பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939 நவம்பரில் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு 69 வயது. முதல் பயிற்சிக்கே சுமார் 300 பேர் வந்திருந்தார்கள். அம்மா இத்தாலிய மொழியில் பேசுவார், மகன் ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதம் தங்கிவிட்டுத் திரும்பத்தான் வந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவை எதிரி நாட்டுக்காரர் என்று அகமதுநகர் முகாமில் அடைத்தது. ஆகஸ்ட் 31-ஆம் தேதி அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாள். அந்த நாளில்தான் மகனை விட்டார்கள். பிறகு கொடைக்கானலில் சில வருஷம், அகமதாபாத், இலங்கை என்று பயிற்சி நடத்திக்கொண்டே இருந்து 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார். அதற்குள் 1,000 பேருக்கு மேல் ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றுவிட்டார்கள். நம்ம ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். அடையாறு இன்று போல் ஒரு ராத்திரி பஸ் தூரம் இல்லை.

அந்தப் பயிற்சியில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். ஒவ்வொரு கருவியையும் குழந்தைக்கு எப்படிக் காட்டுவது என்பதைப் பயிற்சிக்கு வருபவர் தன் கையாலேயே எழுதி, படம் வரைந்து நோட்டுப் போட வேண்டும். ஆல்பம் என்பார்கள். அச்சடித்த புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. அப்புறம் அதே கருவியை எடுத்து, சக ஆசிரியரைக் குழந்தையாக உட்கார வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். அப்புறம் நிஜக் குழந்தைகள் இருக்கும் அறையில் ஒரு மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, மணிக்கணக்காகப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். அவர் 1929-இல் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் பட்டயப் பயிற்சி, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானது, இன்றும் ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு பிடிக்கிறது. குறுவைக்கே நூறு நாளுக்கு மேல் வேண்டும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். பதினைந்து நாளில் என்ன விளையும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நானும் முழுப் பட்டயம் படித்தவள் இல்லை. ஒரு மே மாத விடுமுறையில் சென்னையில் பத்து நாள் பட்டறைக்குப் போனேன், அவ்வளவுதான். முதல் நாள் காலை அரை மணி நேரம் பாய் சுருட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நம் வீட்டில் இல்லாத கோரைப்பாயா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு கையாலும் ஓரத்தை ஒழுங்குபடுத்தி, ஒரு சுற்று சுருட்டி, நிறுத்தி, பார்த்து, மறுபடி சுருட்டியபோது அறையே அமைதியாகிவிட்டது. பேசிக்கொண்டே செய்து காட்டினால் பிள்ளை வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. இருபது வருஷ அனுபவம் இருந்த எனக்கு அது புதுசு. அதற்குப் பிறகு என் வகுப்பில் நான் பேசுவது பாதியாகக் குறைந்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

சர்வீஸில் இருந்தபோது போன பயிற்சிகளின் கணக்கு எனக்கே தெரியாது. கையெழுத்து, நோட்டு, பேனா, பதினொரு மணிக்கு டீ, வடை. ஒருவர் மைக்கில் செயல்வழிக் கற்றலின் சிறப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் சொற்பொழிவு செய்வார். செயல்வழிக்குச் சொற்பொழிவு! ஒரு இடத்தில் கற்பித்தல் கருவிகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. திறந்து பார்க்கலாமா என்று கேட்டோம். "வேண்டாம் மேடம், ஏதாவது காணாமப் போனா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல நான் பதில் சொல்லணும்" என்றார் பொறுப்பாளர். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மணி குறைந்தாலும் அவருக்குத்தான் மெமோ. நான்கு நாளும் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே குறிப்பு எழுதினோம்.

2020 தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்கு குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. 2023-இல் மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஜாதூயி பிட்டாரா என்று ஒரு விளையாட்டுப் பெட்டியையும் ஒன்றிய அரசு கொண்டுவந்தது. நல்லதுதான். அந்த 50 மணியில் எத்தனை மணி ஆசிரியர் கை பெட்டிக்குள் இருந்தது என்று மட்டும் யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, மொழி. இந்தப் பட்டறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஆங்கில எழுத்தை வைத்தே நடக்கின்றன. 26 எழுத்தை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளை இரண்டு விரலால் தடவி ஒலியைச் சொல்வது அருமையான முறை. தமிழுக்கு வரும்போது? 247-ஐயும் வெட்டுவதா? கொம்பு, துணைக்கால், விலங்கு என்று குறிகளைத் தனியாக வெட்டி வைத்தால், "கெ" எழுதும்போது பிள்ளை காதில் முதலில் விழுவது "க்", கையில் முதலில் வர வேண்டியது கொம்பு. திணறும். உகர ஊகார வரிசைக்கு ஒரே குறி போதாது. கு, டு, மு, று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைகிறது. அந்த 36-ஐயும் தனித்தனியாகத்தான் வெட்ட வேண்டும். இதையெல்லாம் நான் சென்னையில் கேட்டபோது பயிற்சியாளர் நேர்மையாகச் சொன்னார், "இதை நீங்கதான் செஞ்சு பார்த்து எனக்குச் சொல்லணும்" என்று. அந்தப் பதிலுக்காகவே நான் கட்டிய பணம் தகும்.

எண்ணிலும் அப்படித்தான். தங்க மணிகள் தெரியுமல்லவா? ஒற்றை மணி ஒன்று, பத்து மணி கோர்த்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். "எண்பது எடுத்து வா" என்றால் எட்டுக் கம்பி சரியாக வரும். "தொண்ணூறு" என்றால் சில பிள்ளைகள் நேராகப் போய் நூறு சதுரத்தை எடுத்து வரும். அது காதில் விழுந்தது நூறு! "தொள்ளாயிரம்" என்றால் ஆயிரம் கனசதுரத்தைத் தூக்கிக்கொண்டு வரும். பிள்ளை தவறு செய்யவில்லை, நம் சொல் அப்படி இருக்கிறது. (பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு சொல் உண்டு. அதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) எட்டுக் கம்பியையும் ஒன்பது கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்று படியில், "இது எண்பது, இது தொண்ணூறு", "தொண்ணூறு எது?", "இது என்ன?" என்று கேட்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும். இங்கிலீஷில் நடக்கும் பட்டறையில் இந்தச் சிக்கலே எழாது. அதனால் விடையும் கிடைக்காது.

நல்ல பயிற்சியாளரையும் பார்த்திருக்கிறேன். சுனாமிக்கு அடுத்த வருஷங்களில் கடலோரக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி. வந்தவர் பொத்தான் போடும் சட்டம், நாடா கட்டும் சட்டம் எல்லாம் கொண்டு வந்திருந்தார். அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர் தயங்கித் தயங்கி, "எங்க புள்ளைங்க அப்பாவோட உக்காந்து வலைச் சிக்கு எடுக்குங்க மேடம்" என்று சொல்லி, கிழிந்த வலைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஐந்து வயதுப் பையன் ஒருவன் நுனிவிரலால் சிக்கைப் பிரித்த வேகத்தைப் பார்த்துவிட்டு, பயிற்சியாளர் தன் சட்டங்களை ஓரமாக வைத்தார். தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அவனையே பார்த்து எழுதினார். மதியத்துக்கு மேல் பயிற்சி முழுக்க அந்த வலையை வைத்துத்தான்.

சரி, என் மாணவிக்குப் பதில். பணம் கட்டும் முன் அவர்களிடம் கேளம்மா: கருவிகளை நான் தொடுவேனா, திரையில் பார்ப்பேனா? குழந்தைகள் இருக்கும் வகுப்பில் என்னை எத்தனை மணி நேரம் உட்கார வைப்பீர்கள்? நான் செய்து காட்டுவதை யாராவது பார்த்துத் திருத்துவார்களா? தமிழ் எழுத்துக்கு என்ன செய்வது? இதில் இரண்டுக்காவது உருப்படியான பதில் வந்தால், பதினைந்து நாளானாலும் போ. வராவிட்டால் அந்தப் பணம் சர்டிபிகேட்டின் விலை. அரசுத் தொடக்கப்பள்ளி வேலைக்கு டி.எல்.எட். படிப்பும் டெட் தேர்ச்சியும்தான் கேட்கிறார்கள், இது அங்கே செல்லாது. பள்ளி விளம்பரத்துக்குத்தான் அந்தச் சர்டிபிகேட் என்றால் பள்ளிதான் பணம் கட்ட வேண்டும். தனியாகப் போய்க் கேட்காதே; நீங்கள் ஆறு டீச்சரும் சேர்ந்து, மரியாதையாக, எழுதிக் கொடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மாங்கனித் திருவிழா முடிந்த அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் உப்புத்தாள் எழுத்து வெட்டலாம். நெடுங்காடு, நிரவிப் பக்கம் இருப்பவர்களும் வாருங்கள், கட்டணம் கிடையாது, மதியம் சாம்பார் சாதம் உண்டு. ஹார்டுவேர் கடையில் 120-ஆம் நம்பர் உப்புத்தாள் கேட்டு வாங்குங்கள். 60 பிள்ளைகள் விரலைக் கீறிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, ஃபெவிகால், நல்ல கத்தரிக்கோல் கொண்டு வாருங்கள். எழுத்தைத் தாளின் பின்பக்கத்தில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றி வரைந்து வெட்ட வேண்டும். ட, ப, ம எளிது, அதில் தொடங்குவோம். ஞ-வும் ழ-வும் உயிரை வாங்கும், அந்த இரண்டையும் நானே வரைந்து வைக்கிறேன்.