பசியில்லாத பசியாறல்

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைகளில் இன்று அதிகமாகச் செய்யப்படுவது இரைப்பையைக் குழாய்போல ஆக்கும் முறை. வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் இட்டு, இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். எஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய். ஒரு லிட்டருக்கு மேல் விரிந்து கொடுத்த பை, இனி நூறு, நூற்றைம்பது மில்லிலிட்டரிலேயே நிரம்பிவிடும். பைபாஸ் என்னும் மாற்றுப்பாதை முறை இதைவிடப் பழையது. 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது. அதில் இரைப்பையின் மேல்பகுதியில் மட்டும் ஒரு முட்டையளவு பையை வைத்துக்கொண்டு, சிறுகுடலை மேலே இழுத்து அதனுடன் இணைத்துவிடுவார்கள்.

குழாய் முறையில் வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. பசி என்று மூளைக்குச் சொல்லி அனுப்புவது அதன் வேலை. சொல்லி அனுப்ப ஆளில்லாததால், அறுவைக்குப் பிந்திய மாதங்களில் பலருக்குப் பசி என்ற ஒன்றே எடுப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. உலகத்தில் எங்கே இருந்தாலும் இது விநோதமான நிலைதான். ஜெராம் போன்ற ஊரில் இன்னும் விநோதம்.

மலேசியாவில் கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோல சிலாங்கூருக்குப் போகும் 5-ஆம் எண் சாலையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் செம்பனையுமாக இருக்கும் ஊர் ஜெராம். மலேசியத் தமிழில் காலை உணவுக்குப் பெயரே பசியாறல். காலையில் எதிர்ப்படும் ஒருவரிடம் சுகம் விசாரிப்பதற்கு முன்பே "பசியாறியாச்சா?" என்று கேட்டுவிடுவார்கள். இல்லை என்று பதில் வந்தால், கேட்டவர் வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ உட்காரவைத்துத் தோசையோ நாசி லெமாக்கோ வாங்கிக் கொடுத்துத்தான் விடுவார்கள். பசியே இல்லாத ஒருவர் இந்தக் கேள்விக்கு நாள்தோறும் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த வட்டாரத்தின் சோற்றுக் கணக்கு பால்மரக் காலத்தில் போடப்பட்டது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகும்போது ஒரு மங்கு வரக்கோப்பி, வெட்டு முடிந்ததும் தூக்கில் கொண்டுபோன சோறும் கருவாட்டுக் குழம்பும், மாலையில் மறுபடியும் தட்டு நிறையச் சோறு. நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிவந்து பால்வாளி சுமந்த உடம்பு அத்தனையையும் எரித்துவிடும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே இந்தக் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே அதை உருவாக்கினார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயர் தமிழ், நட்ட மரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. காலப்போக்கில் செம்பனைக் குலை வெட்டும் வேலையும் வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போக, தோட்ட லயத்துப் பிள்ளைகள் காப்பார், ஷா ஆலாம் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்கும் லாரி ஓட்டவும் போனார்கள். நடை போயிற்று, சுமை போயிற்று. சோற்றின் அளவு அப்படியே நின்றது. அதன்மேல் செம்பனை எண்ணெயில் பொரித்த பலகாரமும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கும் சேர்ந்துகொண்டன.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். 2023-இல் இது 54.4 ஆகிவிட்டது. உடற்பருமனிலும் இனிப்பு நீர் என்னும் நீரிழிவிலும் இந்தியர்கள் முன்வரிசையில் நிற்பது புதிய செய்தி அல்ல. ஆகவே இந்த அறுவை இனிமேல் கோலாலம்பூர்ப் பணக்காரர் விவகாரம் மட்டுமல்ல. தோட்டப்புறத்துக் குடும்பங்களிலும் யாராவது ஒருவர் செய்துகொண்டு வீடு திரும்புகிறார். திரும்பிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

முதல் சில நாள் தெளிந்த நீர் மட்டும்: வெந்நீர், வடிகட்டிய சூப்பு, காரமில்லாத ரசத் தெளிவு. அதுவும் மடக் மடக்கென்று குடிக்க முடியாது. மருந்துக் குப்பியோடு வரும் சின்ன மூடியில் ஊற்றி, மிடறு மிடறாக உறிஞ்ச வேண்டும். அரைக் கோப்பை தீர்வதற்குள் சூப்பு ஆறிப்போகும். பிறகு பால், நீர்மோர், சர்க்கரையில்லாத புரதப் பானம் என்று இரண்டு வாரம் போகும். மூன்றாவது, நான்காவது வாரங்களில் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நாள் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும், வரிசை மாறாது. வரிசையைத் தாண்டினால் தையல் போட்ட இடம் தாங்காது.

மசித்த உணவுக் கட்டத்தில் ஜெராம்காரருக்கு ஒரு வசதி உண்டு. கடற்கரையில் இறங்கும் கெம்போங் மீனை மஞ்சள், இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்து, முள் நீக்கி, இரண்டு தேக்கரண்டி அளவை ஒரு சாஸரில் வைத்துக்கொள்ளலாம். விரலால் நசுக்கினால் பூவாக உதிர வேண்டும். கடுகளவு வாயில் போட்டு, இருபது முப்பது தடவை மென்று, விழுங்கிவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். கையாலேயே பிசைந்து சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அதுதான் முதல் தண்டனை. கைக்கும் வாய்க்கும் நடுவே ஓய்வு என்று ஒன்று இருந்ததே இல்லை. அந்த இரண்டு கரண்டி தீர இருபது நிமிடம் ஆகும். வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவி எழுந்திருப்பார்கள்.

போதும் என்று வயிறு சொல்லும் விதமும் மாறிவிடுகிறது. முன்போல் வயிறு நிறைந்த சுகம் இருக்காது. ஒரு விக்கல், ஒரு தும்மல், மூக்கில் நீர், அல்லது நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போன்ற அழுத்தம் தோன்றும். ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும் இந்த அறிகுறியைச் சில வாரங்களில் அவரவரே கண்டுபிடிக்க வேண்டும். அது வந்த பிறகு, தட்டில் மிச்சம் இருக்கிறதே என்று இன்னொரு வாய் போட்டால், எச்சில் நுரைத்துக்கொண்டு வரும். சாப்பிட்டது மேலே திரும்பும். தட்டில் சோற்றை மீதம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு வாய்தான் பெரிய சோதனை. சிறிய தட்டு வாங்குவதைவிட, குறைவாகப் பரிமாறும்படி வீட்டாருக்குச் சொல்லிவைப்பது பலிக்கும்.

எது இறங்கும், எது இறங்காது என்பதிலும் ஆச்சரியங்கள் உண்டு. குழைந்த சோறு இறங்கிவிடும் என்று நினைப்பார்கள். அது உள்ளே போய் உருண்டையாகத் திரண்டுகொள்ளும். ரொட்டி சானாய் அதைவிட மோசம், ரப்பர்போல இழுபட்டு அடைத்துக்கொள்ளும். மொறுமொறு தோசை ஓரம் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. காய்ந்த கோழி நெஞ்சுக்கறி சிக்கும். குழம்பில் ஊறிய மீன் வழுக்கிக்கொண்டு போகும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதும் கூடாது. சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். ஆனால் நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஒரு மூச்சில் குடிக்க முடியாதவர், வெயிலில் வேலை செய்பவர், இதைக் கணக்குப் பண்ணிக் குடிக்காவிட்டால் நீர்வறட்சியில் போய்ப் படுக்க நேரும். கையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருப்பதுதான் இவர்களைக் கண்டுகொள்ளும் அடையாளம்.

இனிப்பின் கதை தனி. அது தரும் தொல்லை பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம். குழாய் முறையிலும் உண்டு. மைலோ, தே தாரேக், கோயிலில் கொடுக்கும் கேசரி இவை தடையில்லாமல் சிறுகுடலில் போய் விழும்போது, பத்து முதல் முப்பது நிமிடங்களில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு பிசையும், கழிவறைக்கு ஓட வேண்டிவரும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரிந்து தலைசுற்றும். பிரசாதத்தை மறுக்க முடியாதே என்று சங்கடப்படுபவர்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டு விரல்நுனியளவு வாயில் போட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கோயிலில் யாரும் இதைக் குறை சொன்னதில்லை. குறை சொல்வது வீட்டுக்கு வரும் அத்தைமார்தான்.

சுருங்கிய வயிற்றில் இடம் பிடிக்கும் முதல் உரிமை புரதத்துக்கு. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. நூறு கிராம் கெம்போங் மீனில் ஏறக்குறைய இருபது. அசைவம் சாப்பிடுகிற நாளில் கணக்குச் சரியாகிவிடும். தைப்பூச விரதமும் புரட்டாசியும் வரும்போதுதான் இடிக்கும். விரதச் சாப்பாடு என்றால் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல் என்று பழகிய சமையலில், அளவைக் கால்பங்காக்கினால் புரதம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். மலாய்க்காரர், சீனர் சமையலிலிருந்து வந்த தெம்பேயும் தவ்வுவும் இங்கே கைகொடுக்கின்றன. தெம்பேயை மெல்லியதாக அரிந்து, எண்ணெய் குறைத்து வாட்டி, மிளகுப் பிரட்டலாகச் செய்தால் முருகனுக்கும் ஆட்சேபம் இருக்காது. நாள் முழுக்க வாய் கட்டும் விரதத்தை முதல் ஆண்டில் தவிர்ப்பது நல்லது. ஜெராம் சேற்றுக்கடலின் சிப்பியில் இரும்புச்சத்து நிறைய உண்டு. ஆனால் கொதிநீரில் காட்டி எடுத்து அரைவேக்காட்டில் தின்னும் பழக்கம் மஞ்சள் காமாலை வரைக்கும் இழுத்துவிடக்கூடும்.

மாத்திரை வாழ்நாள் முழுக்க. பலவகை விட்டமின், இரும்பு, கால்சியம், விட்டமின் டி, பி12. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். தேநீரும் இரும்பை உடம்பில் ஏறவிடாது. காலையில் தேநீரோடு எல்லா மாத்திரைகளையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறவர் மாத்திரைக்குக் கொடுத்த காசில் பாதியைத் தண்ணீரில் விடுகிறார். இனிப்பு நீர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எடை குறையும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் மயக்கம்தான் வரும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலிநிவாரணி மாத்திரைகள், முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, குடல் இணைப்பில் புண் உண்டாக்கக்கூடும். வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் அதைப் பித்தம் என்று தள்ளிவிடக் கூடாது. தயமின் என்னும் பி1 சத்து தீர்ந்துபோய், நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகத் தெரியும் நிலை வரலாம். அதற்குமுன் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் தொடங்கி முடி கொட்டும். எண்ணெயை மாற்றிப் பயனில்லை. புரதம் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். வேகமாக எடை குறைவதால் பித்தப்பையில் கல் உண்டாகலாம். தோல் தொங்கும். பெண்கள் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது நின்றுபோயிருந்த மாதவிலக்கு ஒழுங்காகி எதிர்பாராமல் கருவுறுவதும் நடக்கிறது.

உடம்புக்கு வரும் தொல்லைகளுக்கெல்லாம் ஏதாவது மருந்து உண்டு. ஊர் வாய்க்கு இல்லை. தோட்டத்துக் கண்ணுக்குச் சதைப்பிடிப்பு என்றால் வசதி, இளைத்தால் சீக்கு. கல்யாண மண்டபத்தில் இலை போட்டதும் நான்கு பேர் கேட்பார்கள்: "என்ன தம்பி, இனிப்பு நீரா? இப்படி இளைச்சுப் போயிட்டியே!" இரண்டு வாய் சாப்பிட்டு இலையை மூடினால் பரிமாறுகிறவருக்கு முகம் வாடும், பெண்வீட்டார் சமையலில் குறையோ என்று கலங்குவார்கள். அறுவை செய்துகொண்டதை வெளியே சொன்னால், "வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டான்" என்ற பேச்சு வரும். இந்தப் பேச்சு நியாயமே இல்லாதது. பருமனில் பரம்பரைக்கும் ஹார்மோனுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது மருத்துவ உலகில் முடிந்த விவாதம். இருந்தும் பலர் பயந்து மறைக்கிறார்கள். மறைத்தவர் விருந்தில் அதிகம் சாப்பிட்டுவிட்டுக் கழிவறையில் வாந்தி எடுக்கிறார். சொல்லிவிட்டவர் ஒரு மாதம் பேச்சைக் கேட்டுவிட்டு, அப்புறம் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்.

மது விஷயத்தில் ஒளிவுமறைவு ஆபத்து. பைபாஸ் செய்தவர் குடித்தால் சாராயம் சில நிமிடங்களில் ரத்தத்தில் ஏறிவிடும், இறங்க நேரமாகும். முன்பு மூன்று குப்பி தாங்கியவர் ஒன்றிலேயே சாய்வார். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் பறிபோனதும், சிலர் இரண்டாம் ஆண்டில் குடியில் அதைத் தேடுவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சம்சு என்னும் மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதைத் தோட்டப்புறத்துக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மாதங்களில் எடை இறங்குவது நிற்கும். பசி மெல்லத் திரும்பும். வயிறு சிறியதாகவே இருந்தாலும், முறுக்கு, ஐஸ்கிரீம், இனிப்புத் தேநீர் போன்றவை எதிர்ப்பில்லாமல் வழுக்கி இறங்கும். நாள் முழுக்கக் கொறித்தால் எடை ஏறிவிடும். அப்போது துணை நிற்பது பசியில்லாத மாதங்களில் பழகிய நேர ஒழுங்குதான். ஷிப்டு மாறி மாறிப் போகிறவருக்கு அது எளிதல்ல. இரவு வேலைக்காரர் அவித்த முட்டையும் தவ்வுவும் டப்பாவில் கொண்டுபோனால், விடியற்காலை மூன்று மணிக்குக் கேண்டீன் மீ கோரேங் பக்கம் போக வேண்டியிருக்காது.

இரண்டாம் ஆண்டோடு பெரும்பாலோர் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். எடை குறைந்தாயிற்று, சட்டை சின்னதாயிற்று, ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஷா ஆலாமுக்கோ கோலாலம்பூருக்கோ எதற்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் பி12 கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும் சத்து. குறைபாடு தெரிவதும் சில ஆண்டு கழித்துத்தான். பாதம் மரத்துப்போகும். இனிப்பு நீர் இருந்தவர் என்பதால் அது சர்க்கரையின் வேலை என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் ஆண்டுதோறும் ரத்தம் எடுக்கும்போது, வயிற்றில் அறுவை செய்துகொண்டவர் என்பதைச் சொல்லி, பி12-ஐயும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.