ஜோடிச் சக்கரம்

கவுந்தப்பாடிப் பக்கத்தில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் என் நண்பர் ஒருவரின் ஆலையில், வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த தை மாதத்து நாளொன்றில், பினியன் என்று வழங்கும் சிறு பல்சக்கரத்தின் இரண்டு பற்கள் ஓரத்தில் தொடங்கி வேர் வரையில் பிளந்து விழுந்தன. வெட்டிய கரும்பு காய்ந்துகொண்டிருக்க, கொப்பரை ஆறிக்கிடக்க, அந்தச் சக்கரத்தைக் கோணிச்சாக்கில் சுற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் புறப்பட்ட அவருடன் நானும் சென்றேன். பல்சக்கரங்களைப் பற்றி அதுகாறும் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த எனக்கு, அவற்றை வெட்டிப் பிழைக்கிறவர்களின் ஞானம் எத்தகையது என்பதைப் பிரத்தியட்சமாகக் காணும் பாக்கியம் அன்று கிடைத்தது.

கணபதிப் பகுதியின் குறுகிய தெரு ஒன்றில் இருந்தது அந்தப் பட்டறை. 1888-இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்து, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பல்கிப் பெருகியபோது, அவற்றுக்கு வேண்டிய உதிரிச் சக்கரங்களை ஊரிலேயே செய்துகொள்ளும் அவசியமும் கூடவே வளர்ந்தது. நூற்பு இயந்திரத்தில் ஒரு சக்கரத்தைக் கழற்றி, அதைவிட ஒரு பல் கூடியதையோ குறைந்ததையோ மாட்டினால் நூலின் பருமனோ முறுக்கோ மாறிவிடும். ஆகவே பல்லின் எண்ணிக்கையை நூலின் தரமாகவே கருதும் பழக்கம் இவ்வூர்த் தொழிலாளருக்குப் பரம்பரையாக வந்த செல்வம்.

பட்டறையின் தலைமைத் தொழிலாளி எழுபதை நெருங்கியவர். இளைஞர்கள் அவரை ‘மாஸ்டர்’ என்று மரியாதையோடு அழைத்தார்கள். அவர் பினியனை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, பற்களின் மீது விரலை ஓட்டிவிட்டு, நண்பரை நோக்கி, “ஏனுங்க, இதோட ஜோடி எங்கீங்க?” என்று கேட்டார்.

“இதுதானுங்க ஒடஞ்சுது. பெரிய சக்கரம் நல்லாத்தான் இருக்குதுங்க” என்றார் நண்பர்.

“ஒடஞ்சது இதுதானுங்க. ஒடச்சது எதுன்னு பாக்க வேண்டாமுங்களா?”

பெரிய சக்கரத்தைக் கழற்றி வண்டியேற்றிக் கொண்டுவரும்படி நண்பர் உடனே ஆலைக்குத் தகவல் அனுப்பினார். அது வந்து சேர மறுநாளாகும் என்றபடியால், எஞ்சிய பொழுதெல்லாம் நான் அந்தப் பெரியவரின் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன். எந்தக் காரியத்துக்கு எந்தப் பல்சக்கரம் தகும் என்று நான் கேட்டதற்கு, அவர் சக்கரத்தைப் பற்றிப் பேசாமல் ஷாஃப்டைப் பற்றிப் பேசத் தொடங்கியது எனக்கு வியப்பாயிருந்தது. “ரெண்டு ஷாஃப்டும் எப்படிப் படுத்திருக்குதுன்னு மொதல்ல கேளுங்க, மத்ததெல்லாம் அப்பறம்” என்பதே அவருடைய சாஸ்திரத்தின் முதல் சூத்திரம்.

இரண்டும் தண்டவாளம்போல் இணையாக இருந்தால் நேர்ப்பல் சக்கரமோ சாய்பல் சக்கரமோ போதும். நேர்ப்பல் வெட்டுவதற்கு எளிது. சக்தி விரயம் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு பல்லும் தன் முழு அகலத்தோடு ஒரே கணத்தில் எதிர்ப்பல்லைத் தொடுவதால் வேகம் ஏற ஏற இரைச்சலும் ஏறும். பல்லைச் சற்றுச் சாய்த்து வெட்டினாலோ, ஒரு முனையில் தொட்டு மறுமுனை வரையில் படிப்படியாகப் பாரம் ஏறுகிறது, ஒரு பல் விலகுமுன்னரே அடுத்தது பாரத்தில் பங்கு கொள்கிறது, ஓசை அடங்குகிறது. பல கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்கள் சாய்பல்லாகவும் பின்னோக்கிச் செல்லும் கியர் நேர்ப்பல்லாகவும் இருப்பதனாலேயே, பின்னால் வரும்போது மட்டும் அந்த ஊளையொலி கேட்கிறது. எனினும் சாய்பல் தன் ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத் தனி பேரிங் வேண்டும். எதிரெதிர்ச் சாய்வுள்ள இரண்டு வரிசைப் பற்களை ஒரே சக்கரத்தில் அமைத்தால் தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆந்த்ரே சித்ரோயன் என்ற பிரெஞ்சுக்காரர் கார் செய்வதற்கு முன்பு இத்தகைய சக்கரங்களையே செய்துவந்தார். அவருடைய கார்களின் நெற்றியில் இன்றும் விளங்கும் இரட்டைக் கூரைபோன்ற சின்னம் அந்தப் பல்லின் வடிவமே.

ஷாஃப்டுகள் ஒரு முனையில் சந்திக்குமாயின், கூம்பின் துண்டுபோல் சரிவாக வெட்டிய பெவல் சக்கரங்கள் வேண்டும். லாரியின் பின் அச்சிலுள்ள கிரவுனும் பினியனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றை இரண்டையும் சேர்த்தே உராய்த்துப் பொருத்துவதால், ஒன்று பழுதானாலும் இரண்டையும் மாற்றுவதே மெக்கானிக்குகளின் சம்பிரதாயம்.

ஷாஃப்டுகள் இணையாகவும் இல்லாமல், சந்திக்கவும் செய்யாமல், ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகச் செல்லுமானால் வார்ம் என்னும் திருகுச் சக்கரம் உதவிக்கு வரும். ஒற்றைப்புரித் திருகு ஒருமுறை சுழல, சக்கரம் ஒரு பல் மட்டுமே நகர்கிறது. ஆகவே 40 பல் சக்கரமாயின் ஒரே தாவலில் வேகம் 40-இல் ஒரு பங்காகிவிடும். புரியின் சாய்வு மிகக் குறைவாயிருந்தால் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாலும் திருகு அசைந்து கொடுக்காது. பாரம் தூக்கும் பொறிகளில் இந்தக் குணம் விரும்பப்படுகிறது. ஆனாலும் அதிர்வில் நழுவக்கூடுமாதலால் பிரேக்கும் வைப்பதே விவேகம். இங்கே பல் பல்லின்மேல் உருளாமல் வழுக்கிச் செல்வதால் சக்தியில் கணிசமான பங்கு சூடாகிப் போகிறது. அதற்காகவே திருகை எஃகிலும் சக்கரத்தைப் பாஸ்பர் பிரான்ஸிலும் செய்கிறார்கள். இந்தத் திருகு நமக்குப் புதியதன்று. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் மர உருளைப் பொறியில், இரண்டு உருளைகளையும் எதிரெதிராகச் சுழற்ற மரத்தாலேயே திருகுப்பல் கடைந்து பொருத்தும் வித்தையை, நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரத தேசத்துத் தச்சர்கள் அறிந்திருந்தார்கள்.

மறுநாள் பெரிய வார்ப்பிரும்புச் சக்கரம் சரக்கு வண்டியில் வந்து இறங்கியது. மாஸ்டர் பற்களை எண்ணச் சொன்னார், 91 இருந்தன. பினியனில் 18. 90 பல்லாக வைத்திருந்தால் கணக்கு ஐந்துக்கு ஒன்று என்று நேராக வந்திருக்குமே என்று நான் கேட்டேன். அதற்கு மாஸ்டர் தந்த விளக்கம் இது: 90-ஐ 18 மீதியின்றி வகுத்துவிடுமாதலால், பினியனின் ஒவ்வொரு பல்லும் அதே ஐந்து பற்களோடு மட்டுமே ஆயுள் முழுவதும் மோதிக்கொண்டிருக்கும். ஒன்றில் உள்ள குறை அந்த ஐந்தையே அரிக்கும். ஒரு பல்லைக் கூட்டிவிட்டாலோ ஒவ்வொன்றும் 91 பற்களையும் முறையாகச் சந்தித்த பிறகே பழைய பல்லுக்குத் திரும்புகிறது. தேய்மானம் எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. அதைச் செய்தவன் யாரோ, நிதானமாக யோசித்துச் செய்திருக்கிறான் என்று மாஸ்டர் மனம் நிறைந்து பாராட்டினார்.

பிறகு, பற்களின் மீதிருந்த பளபளப்பைக் காட்டினார். அது பல்லின் நடுவில் இல்லாமல் ஓர் ஓரத்தில் மட்டுமே கண்ணாடிபோல் மின்னியது. சக்கரம் கோணலாக இருந்திருந்தால் அந்தத் தழும்பு பல்லுக்குப் பல் இடம் மாறியிருக்கும். எல்லாப் பற்களிலும் அதே ஓரத்தில் இருப்பதால் சாய்ந்திருப்பது ஷாஃப்ட்தான். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் ஒரு பக்கம் தேய்ந்திருக்க வேண்டும் என்று அவர் தீர்மானமாகக் கூறினார். முழுப்பல் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரு மூலை சுமந்ததனால்தான் பல் பிளந்தது. புஷ்ஷை மாற்றாமல் பத்துப் பினியன் போட்டாலும் பத்தும் அப்படியே போகும்.

“சாய்பல்லாப் போட்டுட்டா இன்னும் பலமா இருக்குமுங்களே?” என்றார் நண்பர்.

“நெதானமாச் சுத்தற ஆலைக்குச் சத்தம் ஒரு பொருட்டுங்களா? சாய்பல் போட்டா ரெண்டு சக்கரமும் புதுசா வேணும், தள்ளறதத் தாங்கப் பேரிங்கும் வேணும். காட்டுக்குள்ள அது கெட்டா யாருங்க பாப்பாங்க? உங்களுக்கு நேர்ப்பல்லே போதுமுங்க” என்றார் மாஸ்டர்.

விலை உயர்ந்ததையோ நூதனமானதையோ சொல்லாமல், வேலைக்கும் இடத்துக்கும் தகுந்ததைச் சொன்ன அந்த நேர்மையை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

பினியனின் வெளி விட்டம் 160 மில்லிமீட்டர். பல்லின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அந்த 20-ஆல் வகுக்க 8 வந்தது. அதுவே மாட்யூல், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் அளவு. வெட்டவேண்டிய ஆழம் அதன் இரண்டேகால் மடங்கு, 18 மில்லிமீட்டர். சிறு சக்கரத்தின் பல், பெரிய சக்கரத்தின் பல்லைக் காட்டிலும் ஐந்து மடங்கு அதிகம் உழைப்பதால் பினியனுக்கு எஃகைத் தேர்ந்தார். 1897-இல் ஜெர்மனியில் ஃபௌட்டர் என்பவர் காப்புரிமை பெற்ற ஹாப்பிங் இயந்திரத்தின் வழியில் வந்ததொன்று அங்கே இருந்தது; ஒரே ஹாப் கட்டரைக் கொண்டு அந்த மாட்யூலில் எத்தனை பல் வேண்டுமானாலும் அது வெட்டும். ஆனால் அதில் வேறு வேலை ஏறியிருந்தபடியால், இந்த ஒற்றைச் சக்கரத்தை மில்லிங் இயந்திரத்தில் பல் பல்லாக வெட்டத் துணிந்தார்கள். அதற்கான கட்டர்கள் ஒரு மாட்யூலுக்கு எட்டு. 17 முதல் 20 பல் வரையிலான சக்கரங்களுக்கு உரியதை எடுத்துப் பூட்டினார்கள்.

சக்கரத்தைப் பல்லுக்குப் பல் சம அளவாகத் திருப்பித்தரும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை ஓர் இளைஞன் பற்றினான். அதற்குள்ளும் இருப்பது 40 பல் திருகுச் சக்கரமே. 40-ஐ 18-ஆல் வகுத்து, இரண்டு முழுச் சுற்றும், 18 துளை வட்டத்தில் நான்கு துளையும் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே அவன் திருப்பினான். ஒரு துளை தவறினால் சக்கரமே வீண். எண்ணெய் புகைய, எஃகுச் சுருள்கள் உதிர, 18 முறையும் அவனுடைய எண்ணம் சிதறவில்லை. முடிந்ததும் மாஸ்டர் நீல மையைத் தடவிப் பெரிய சக்கரத்தோடு கோத்துச் சுழற்றினார். மை பல்லின் நடுவில் பரவலாகப் படிந்ததைக் கண்ட பிறகே அவர் முகம் மலர்ந்தது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஆலையிலோ பட்டறையிலோ ஒரு சக்கரம் உடைந்தால், அதைப் போலவே ஒன்று வெட்டிக்கொடுங்கள் என்று மட்டும் கேளாதீர்கள். ஷாஃப்ட் கிடக்கும் விதத்தையும், வேகத்தையும், பாரத்தையும் சொல்லுங்கள். ஜோடிச் சக்கரத்தையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற தொழிலாளிக்கு, வெட்டிய கூலியோடு பார்த்த பார்வைக்கும் சேர்த்துக் கொடுங்கள்.