ஓதியது கைக்கு வரணும்

மார்க்கம் ஓதிய பிள்ளைக்கு முதல் சோதனை எங்கே வரும் என்று கேட்டால், நம் ஊர் செராமிக் பேட்டையில் சரக்கைத் தரம் பிரிக்கும் மேசையில் வரும் என்றுதான் சொல்வேன். விருத்தாசலத்தில் வளர்ந்த உங்களுக்கு அந்த மேசையைத் தெரியும். சூளையிலிருந்து இறங்கிய ஃபியூஸ் கட்டைகளை எடுத்துத் தட்டி, சத்தத்தைக் கேட்டுப் பிரிப்பார்கள். கணீரென்றால் நல்லது. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல். 1200 டிகிரிக்கு மேல் வெந்து, மேலே கிளேஸ் பளபளக்கும் பீங்கானில் அந்த விரிசல் கண்ணுக்கு எளிதில் படாது. வாங்குகிறவர் எங்கோ தொலைதூர ஊரில் பெட்டியைப் பிரித்து, மின்சாரம் பாயும் இடத்தில் அதை மாட்டுவார். விரிசல் இருப்பது தட்டிப் பார்த்தவருக்குத் தெரியும், படைத்தவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அந்தக் கட்டையை எந்தப் பெட்டியில் போடுவது? மக்தபில் ஓதும் பத்து வயதுப் பிள்ளைக்கும் விடை தெரியும். மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். அடியில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று கண்டித்தார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரில்லை என்றும் சொன்னார்கள். இதை எத்தனை ஜும்ஆ பயானில் கேட்டிருப்போம்! கேட்ட அதே ஆள், மறுநாள் ஆர்டர் அவசரம் என்றதும் விரிசல் கட்டையை நல்ல பெட்டியில் போடுகிறார் என்றால், அந்த ஹதீஸ் அவர் காதோடு நின்றுவிட்டது. எனக்கு இது பெரிய வேதனை, தம்பி.

நமக்கு இல்முக்குப் பஞ்சமில்லை. ஒன்றரை நூற்றாண்டு கடந்த மன்பவுல் அன்வார் மதரஸா நம் மாவட்டத்து லால்பேட்டையிலேயே இருக்கிறது. கைபேசியைத் தொட்டால் நாளெல்லாம் பயான். இருந்தும், அடுத்து எந்தக் கிதாபைப் படிக்கலாம் என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகள் அதிகம். படித்ததில் எதைச் செய்யலாம் என்று கேட்பவர் குறைவு.

இமாம் அபூஹனீஃபா அவர்களை மத்ஹபின் இமாமாக நமக்குத் தெரியும். ஹிஜ்ரி 150இல் மறைந்த அந்தப் பேரறிஞர் கூஃபா நகரத்து ஜவுளி வியாபாரியும்கூட. தொழில் கூட்டாளியிடம் சரக்கு அனுப்பும்போது, ஒரு துணியில் குறை இருக்கிறது, அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. விஷயம் தெரிந்ததும் இமாம் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார் என்று வரலாற்றில் வருகிறது. ஒரு குறைத் துணிக்காக மொத்தப் பணத்தையும்! வியாபாரச் சட்டத்தை மாணவர்களுக்கு வகுத்துச் சொன்ன நாவும், அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்த கையும் ஒருவருடையவை. அவர் சொன்ன மஸ்அலாவை நான் நம்புவதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே எனக்குப் போதும்.

முதலாளி ஆகப்போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செராமிக் டிப்ளமா முடித்துச் சொந்தமாக யூனிட் போடும் ஆசை உங்களில் சிலருக்கு இருக்கிறது. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். களிமண்ணோடு சேர்க்கிற குவார்ட்ஸ் தூள் காற்றில் பறந்து நெஞ்சுக்குள் போனால் நுரையீரலை அரிக்கும். அந்த சிலிகோசிஸ் நோய் குணமாகாது. பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் தூள் கொட்டும் இடத்தில் நிற்கிறவருக்கு நல்ல முகக்கவசமும் தூசியை இழுக்கும் விசிறியும் முதலில் வேண்டும். அவர் உயிர் உங்கள் கையில் இருக்கும் அமானிதம். ஜகாத்தும் அப்படியே. சூளைக்கும் இயந்திரத்துக்கும் ஜகாத் இல்லை. விற்க வைத்திருக்கும் சரக்கு கணக்கில் சேரும் என்று ஹஜ்ரத் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது போதாது. வருடம் நிறைந்ததும் குடோனில் இறங்கி எண்ண வேண்டும், இரண்டரை சதவீதத்தை எடுத்துவைக்க வேண்டும். உத்தேசமாக ஒரு தொகையைக் கொடுத்து மனதைச் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியுமா என்று மலைக்க வேண்டாம். சஹாபாக்கள் குர்ஆனில் பத்து வசனங்களைக் கற்றால், அதிலுள்ளதை விளங்கி அமல் செய்யாமல் அடுத்த பத்துக்குப் போகமாட்டார்கள் என்று அவர்களிடம் ஓதிய அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமி சொல்லியிருக்கிறார். எனக்கு இதைவிடச் சிறந்த பாடத்திட்டம் தெரியாது. படிப்பெல்லாம் முடித்துவிட்டேன், எந்த இல்மு எனக்கு மறுமையில் உதவும் என்று கேட்டு எழுதிய மாணவருக்கு இமாம் கஸ்ஸாலி எழுதிய பதில்தான் ‘அய்யுஹல் வலத்’ என்ற சிறு நூல். அமலில்லாத இல்மு கைகொடுக்காது என்பதைத்தான் அதில் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார். இமாம் மறைந்தது 1111இல். அந்த மாணவரின் கேள்வி இன்றைக்கு நம்முடையது.

ஆகவே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸை இந்த வாரத்துக்கு எடுங்கள். மண் இறக்கியவர், பெட்டி கட்டியவர், வீட்டில் சுண்ணாம்பு அடித்தவர், துணி தேய்த்துக் கொடுத்தவர் என்று யாருடைய காசாவது உங்களிடம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், இன்று அஸருக்குப் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.